டெல்பர்ட் ஸ்டீவ்ஸ் கொண்டுவந்த தீர்மானம்

எங்கள் சங்கத்தில் அமெரிக்கப் பொருள் அநேகமாக எதுவுமே இல்லை என்று தெரிந்தபோது எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அந்த மார்ச் மாதம் கனடாவின் எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் கிங்ஸ்காட்டில் ஆளாளுக்கு எதையாவது கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாடு எங்கள் சாமான்கள்மேல் வரி போடப்போவதாகச் சொன்னது, பிறகு இல்லை என்றது, பிறகு போட்டும்விட்டது. எங்களையே ஒரு மாநிலமாகச் சேர்த்துக்கொண்டால் என்ன என்றும் கேட்டது. பல் மருத்துவர் வீட்டில் ஆரஞ்சுச் சாற்றை நிறுத்தினார்கள். பாதிரியார் ஃப்ளோரிடா பயணத்தை ரத்து செய்தார். ரத்து செய்ததை இரண்டு ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். என் ஒன்றுவிட்ட அண்ணன் நாட்டுக்காக அமெரிக்கக் காதலியையே விட்டுவிட்டதாகச் சொன்னான். அவள் அவனை ஜனவரியிலேயே விட்டுவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

எங்களுடையது மேசை ஹாக்கி சங்கம். மேசைமேல் இரண்டு முழ நீளத்துக்கு ஒரு பனித்திடல், பக்கத்துக்கு ஆறு பொம்மை வீரர்கள், அவர்களை இழுக்கவும் சுழற்றவும் கம்பிகள், நடுவில் ஒரு சின்ன வட்டு. சனிக்கிழமை மதியம் தீயணைப்பு நிலையத்து மாடியில் கூடுவோம். உறுப்பினர்கள் பதினான்கு பேர். வளர்ந்தவர்கள் இதை ஆடுகிறார்களே என்று வெளியூர்க்காரர்கள் சிரித்தால் நாங்களும் சேர்ந்து சிரிப்போம். பிறகு அவர்களை உட்காரவைத்து ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்து அனுப்புவோம்.

நான் சங்கத்தின் செயலாளர். கல்லூரி இரண்டாம் ஆண்டு. எனக்குத் தட்டச்சு தெரியும் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு காரணம் கிடையாது. எல்லோரும் என்னை ‘காலேஜு’ என்பார்கள். என் பெயர் தெரிந்தவர்கள் சங்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள்.

டெல்பர்ட் ஸ்டீவ்ஸ் எங்கள் சாம்பியன். நாற்பத்தொன்பது வயது, ஹார்டுவேர் கடையில் பெயின்ட் பகுதியில் வேலை. ஆறு வருஷமாக வேறு யாரும் கோப்பையைத் தொட்டதில்லை. தொடர்ந்து ஏழு வருஷம் ஜெயித்தால் கோப்பை ஜெயித்தவருக்கே சொந்தம் என்பது சங்க விதி. யாரும் ஏழு வருஷம் ஜெயிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட விதி அது. டெல்பர்ட் தன் வீட்டு வரவேற்பறையில் ஏற்கெனவே ஒரு அலமாரித் தட்டு அடித்துவிட்டார். மேப்பிள் பலகை, சதுரக்குழித் திருகாணி; இரண்டுமே கனடாவின் பெருமை. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமைதான் இறுதியாட்டம்.

ஆறு வருஷமும் இரண்டாமிடம் வந்தவர் ராக்ஸான் துகே. ஊராட்சியின் பனி அள்ளும் வண்டியை ஓட்டும் பெண்மணி. இரண்டாமிடத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. டெல்பர்ட் வீட்டு வாசலை மட்டும் வேண்டுமென்றே பனியால் அடைத்துவிட்டுப் போகிறார் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. எல்லோர் வீட்டு வாசலையும்தான் அடைப்பார். டெல்பர்ட் வீட்டில் கொஞ்சம் உயரமாக இருக்கும்.

நாட்டுப்பற்றில் டெல்பர்ட்டை மிஞ்ச ஆளில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவரோடு நானும் கடைக்குப் போவேன், எந்த நாட்டுச் சரக்கு என்று அட்டையில் உள்ள பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல. முன்பு இருபது நிமிஷத்தில் முடிந்த வேலை இப்போது இரண்டரை மணி நேரம் ஆனது. பற்பசை கிடைத்துவிட்டது. நாய்த் தீனி கிடைத்துவிட்டது. சவர பிளேடு கிடைக்கவில்லை. அதனால் தாடி வளர்த்தார். ஆரஞ்சுக்குப் பதில் டர்னிப் கிழங்கு சாப்பிட்டார். டர்னிப்பில் அதே சத்து இருப்பதாக அவர் நம்பினார். அவர் மனைவி நம்பவில்லை.

கடையில் அமெரிக்கப் பொருளைக் கண்டால் அலமாரித் தட்டிலேயே தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவது அப்போதைய வழக்கம். அடுத்து வருபவருக்கு அது ஒரு சைகை. டெல்பர்ட்டும் கவிழ்ப்பார். கவிழ்த்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிற்கும் கடை ஊழியரிடம் மன்னிப்புக் கேட்பார். ஊழியர் பரவாயில்லை என்று சொல்லி, அவர் நகர்ந்ததும் நிமிர்த்தி வைப்பார்.

“காலேஜு, இந்தக் கடுகுச் சாந்து எந்த ஊரு?”

“கடுகு சஸ்காட்செவன்ல விளைஞ்சது.”

“பலே.”

“அரைச்சது விஸ்கான்சின்ல.”

“ச்சே!”

“பாட்டில்ல அடைச்சது ஒண்டாரியோவுல.”

டெல்பர்ட் பாட்டிலைக் கவிழ்த்தார், மறுபடி நிமிர்த்தினார். “அப்ப எப்படித்தான் வைக்கறது இத?”

கடைசியில் படுக்கவைத்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவர் சங்கத்தை மட்டும் சும்மா விடுவாரா? மார்ச் இறுதிக் கூட்டத்தில், சங்கத்தில் உள்ள அமெரிக்கப் பொருள்களைக் கண்டுபிடித்து ஒழிப்பது என்று முடிவானது. பதினான்கு பேரும் எழுந்து எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கம்பிக்கு அடிக்கும் எண்ணெய் கியூபெக். கெட்சப் சிப்ஸ் எங்கள் மாகாணமே. தேயிலைப் பை பக்கத்து ஊரில் கட்டியது. நிறுத்துக் கடிகாரம் சீனா. கோப்பையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

கடைசியில் அகப்பட்டது ஒன்றே ஒன்று: கூட்டம் நடத்தும் விதிகள் அடங்கிய புத்தகம். அதை எழுதியவர் அமெரிக்க ராணுவ அதிகாரி. எங்கள் தலைவி வெல்மா கில்லிஸ் அந்தப் புத்தகம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார். அதை மேசைமேல் தலைகீழாக வைத்துவிட்டு, மனப்பாடமாகவே கூட்டத்தைத் தொடர்ந்தார்.

“அவ்வளவுதானா?” என்றார் ஒருவர். “ஒரு புத்தகம்தானா?”

“ஹீட்டரைப் பாத்தீங்களா?”

“பாத்தாச்சு. வின்னிபெக்.”

எல்லோர் முகமும் வாடிவிட்டது. ஊரே தியாகம் செய்துகொண்டிருக்கும்போது எங்களுக்கு மட்டும் தியாகம் செய்ய ஒன்றும் இல்லை. அப்போதுதான் டெல்பர்ட் எழுந்தார்.

“அமெரிக்காவை ஒதுக்கறது யார் வேணா செய்வான். நம்ம ஒரு படி மேல போகணும். ‘சங்கத்தில் பயன்படும் ஒவ்வொரு பொருளும் கனடாவில் செய்ததாகவே இருக்க வேண்டும்.’ இதைத் தீர்மானமா கொண்டுவர்றேன்.”

“விளைபொருளா, தயாரிப்பா?” என்றார் வெல்மா. எங்கள் ஊரில் அந்த மாதம் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ‘கனடாவின் விளைபொருள்’ என்று அட்டையில் போட நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு உள்நாட்டில் ஆகியிருக்க வேண்டும். ‘கனடாவில் தயாரித்தது’ என்று போட ஐம்பத்தொன்று போதும்.

“தயாரிப்பு போதும்,” என்றார் டெல்பர்ட் பெருந்தன்மையாக. “ரொம்பக் கறாரா இருக்கக் கூடாது.”

“வழிமொழியறேன்,” என்றார் ராக்ஸான்.

ஆறு வருஷத்தில் டெல்பர்ட் சொன்ன எதையும் ராக்ஸான் வழிமொழிந்ததில்லை. அந்த நேரத்தில் அது யாருக்கும் உறைக்கவில்லை. பதினான்குக்குப் பூஜ்யம். கைதட்டல். கைதட்டல் ஓய்வதற்குள் டெல்பர்ட் தீர்மானத்தை மேப்பிள் இலைப் படத்தோடு ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டார்.

ராக்ஸான் கை தூக்கினார். “ஒரு சின்ன சந்தேகம், வெல்மா. மேசை எந்த ஊரு?”

எல்லோரும் மேசைப் பக்கம் திரும்பினோம். மேசையின் ஓரத்தில் அது எந்த ஊர் என்று பெரிதாகவே எழுதியிருந்தது. உலகம் முழுக்கப் போட்டிகளில் ஆடும் மேசை அது. ஸ்வீடன்.

“ஸ்வீடன் நம்ம சிநேகிதன்தானே?” என்றார் டெல்பர்ட்.

“இருக்கட்டும். தீர்மானத்துல சிநேகிதன்னு வருதா? காலேஜு, படிச்சுக் காட்டு.”

படித்தேன். வரவில்லை.

“ராசா,” என்றார் வெல்மா டெல்பர்ட்டிடம், “நீ வாபஸ் வாங்கலாம். விதி இடம் குடுக்குது. எண்பதாம் பக்கம்னு நினைக்கறேன். திருப்பிப் பாக்க மாட்டேன்.”

டெல்பர்ட் ஃபோனைப் பார்த்தார். அதற்குள் முப்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். அவருடைய மேலாளரும் அதில் ஒருவர்.

“நாட்டுக்காக ஆரஞ்சை விட்டவன் நான்,” என்றார். “ஒரு மேசைக்காகத் தீர்மானத்தை விடுவேனா?”

அவர் உட்கார்ந்த விதத்தில் அவர் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது தெரிந்தது. அவருடைய ஆட்டம் முழுவதும் ஒரே ஒரு தந்திரத்தில் நிற்பது. இடது ஓரத்தில் ஆடும் ‘விங்’ வீரனைக் கோலுக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கிருந்து நடுவீரனுக்கு வட்டைத் தள்ளி, கண் இமைக்குமுன் அடிப்பார். ஸ்வீடன் மேசையில் வீரர்கள் கோலுக்குப் பின்னால் போக வளைந்த பள்ளம் உண்டு. அந்தக் காலத்துக் கனடா மேசையில் பள்ளங்கள் நேர்கோடு. கோலுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். தன் ஏழாவது கோப்பைக்கு நான்கு வாரம் இருக்கும்போது, தன் கையாலேயே தன் இடது விங்கை வெட்டிக்கொண்டிருந்தார் டெல்பர்ட்.

ஒரு காலத்தில் இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு நிலவறையில் ஒரு கனடா மேசை இருந்தது. இப்போது தேடினால் இல்லை. மங்க்டனில் ஒன்று அகப்பட்டது. இரண்டு கோல்காப்பாளர்களையும் காணோம். பாதர்ஸ்ட்டில் ஒன்று இருந்தது; அதன்மேல் கோழிக்குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தார்கள், குஞ்சுகள் பெரிதாகும்வரை தர மாட்டோம் என்றுவிட்டார்கள். எந்தக் குறையும் இல்லாத மேசை, பன்னிரண்டு தகர வீரர்களோடும் வட்டோடும், விற்பனைக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து பதினைந்து நிமிஷம். பாலத்துக்கு அந்தப் பக்கம், பார்லோவில். அமெரிக்காவில்.

“நீ போய் வாங்கிட்டு வந்துடு,” என்றார் டெல்பர்ட்.

“நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

கூட்டுறவு வங்கிக் கவுண்டரில் ஒரு தாள் தொங்கியது: ‘நான் பாலம் தாண்ட மாட்டேன்.’ முதல் கையெழுத்து டெல்பர்ட்டுடையது. மற்றவர்கள் எழுத இடம் போதாத அளவுக்குப் பெரிதாகப் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குப் போனோம். அந்த நேரத்தில் ஊர் முழுக்க தேவாலயத்தில் இருக்கும். வண்டியை நான் ஓட்ட, டெல்பர்ட் பாலம் வரும்வரை இருக்கையில் சாய்ந்து படுத்திருந்தார். பாலத்தின்மேல் எழுந்து உட்கார்ந்து, “ஆறு நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

பழம்பொருள் கடை ஒரு மரக்கொட்டகையில் இருந்தது. கடைக்கார அம்மாள் பெயர் லோயிஸ். எங்கள் வண்டி எண் பலகையைப் பார்த்ததுமே கையைப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

“கனடாவுலேர்ந்தா? ஐயோ, எங்கள மன்னிச்சிடுங்க.”

“நீங்க என்னங்க பண்ணீங்க?” என்றார் டெல்பர்ட்.

“நான் ஒண்ணுமே பண்ணல. அதுக்குத்தான் கேக்கறேன்.”

“பரவால்லைங்க. நீங்களும் என்னை மன்னிக்கணும். இனிமே வர மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்.”

மேசையைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் டொரோண்டோவின் பெயரும், கனடாவில் செய்தது என்ற முத்திரையும் இருந்தன. பக்கத்தில் யாரோ பென்சிலால் ‘கேரி ஏமாத்தறான்’ என்று எழுதியிருந்தார்கள். விலை அட்டையில் தொண்ணூறு டாலர்.

“நாற்பத்தஞ்சு குடுங்க போதும்,” என்றார் லோயிஸ்.

“தொண்ணூறுன்னு போட்டிருக்கே.”

“உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் குடுத்திருக்கோம். பாதி விலை.”

“பாதி விலைக்கு வாங்கினா அது உதவி ஆயிடும். அமெரிக்க உதவி எனக்கு வேண்டாங்க. தொண்ணூறு.”

“அறுபதுக்கு மேல ஒரு காசு வாங்க மாட்டேன்.”

“எண்பத்தஞ்சுக்குக் கீழ ஒரு காசு குறைக்க மாட்டேன்.”

எழுபத்தைந்தில் இருவரும் தோற்றார்கள்.

திரும்பும்போது எங்கள் பக்கத்துச் சோதனைச் சாவடி நெருங்க நெருங்க எனக்கு ஒரு யோசனை தோன்றியது. “சும்மா சுத்திப் பாக்கப் போனோம், எதுவும் வாங்கலன்னு சொல்லிடலாமே? மேல போர்வை போட்டிருக்கு.”

டெல்பர்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எல்லைக்காரன்கிட்ட பொய்யா? காலேஜ்ல இதுக்குத்தான் ஃபீஸ் கட்டறாங்களா உங்க வீட்ல?”

சாவடியில் உட்கார்ந்திருந்தது கர்ட்டிஸ். வெல்மாவின் மகன்.

“எங்க போயிட்டு வர்றீங்க, டெல்பர்ட்?”

“பார்லோ.”

“ஏதாவது வாங்கினீங்களா?”

“ஒரு மேசை ஹாக்கி.”

“எங்க செஞ்சது?”

“டொரோண்டோ.”

கர்ட்டிஸ் இறங்கி வந்து போர்வையை விலக்கி முத்திரையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். “கனடாவுல செஞ்சதுக்கு வரி கிடையாது. இது சொந்த ஊருக்குத் திரும்பி வருது, அவ்வளவுதான்.” பிறகு, “எல்லாக் கம்பியும் வேலை செய்யுதா?” என்று கேட்டான். சோதிக்க வேண்டியது அவன் கடமை என்றான். உள்ளே கொண்டுபோய் இன்னொரு அதிகாரியோடு நாற்பது நிமிஷம் சோதித்தான். எங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு கார் காத்திருந்தது. ஓட்டிவந்தவரும் உள்ளே வந்து ஜெயித்தவரோடு ஆடினார்.

கர்ட்டிஸ் அம்மாவிடம் எதையும் மறைப்பவன் இல்லை. வெல்மா ஊரிடம் எதையும் மறைப்பவர் இல்லை. தேவாலயம் விட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஊருக்கே தெரிந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை டெல்பர்ட் தன்மேல் தானே குற்றம் சாட்டிக்கொண்டார். யாரும் கேட்பதற்குமுன் எழுந்து நின்றார். கையில் எழுதிக்கொண்டு வந்த தாள். பாலம் தாண்டினேன், கையெழுத்தை மீறினேன், எழுபத்தைந்து டாலரை எதிரி மண்ணில் விட்டேன், சங்கம் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று படித்தார்.

“இப்ப பிரச்சினை என்னன்னா,” என்றார் வெல்மா, “அவன் அமெரிக்காவுல வாங்கினானா, அமெரிக்காகிட்டேர்ந்து வாங்கினானா?”

ஒரு மணி நேரம் விவாதித்தோம். கடைசியில் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், “கைதியா இருந்த நம்ம ஆளுங்க பன்னண்டு பேர மீட்டுட்டு வந்திருக்கான். அதுக்குக் கொஞ்சம் பணம் குடுத்தான். எல்லா நாடும் செய்யறதுதான,” என்றார். அது எல்லோருக்கும் பிடித்துப்போனது. டெல்பர்ட்டுக்குக் கண்டனம் எழுதப்போன நான் பாராட்டு எழுதினேன். இறுதியாட்டம் அந்த மேசையில்தான் என்றும் முடிவானது. வேறு மேசையும் இல்லை.

ராக்ஸான் கை தூக்கினார். “எத்தனை நாளா அதுல ஆடிக்கிட்டு இருக்க, டெல்பர்ட்?”

“ஆறு நாள்.”

“தினமுமா?”

“வேலை முடிஞ்சு வந்து. கொஞ்ச நேரம்.”

ராக்ஸான் தலையாட்டினார். அதுதான் டெல்பர்ட்டைக் குத்தியது. பாராட்டு வாங்கிய சூடு வேறு இன்னும் ஆறவில்லை. எழுந்து நின்று நாலு பேர் கேட்கும்படி, “வேணும்னா நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பழகிக்கயேன், ராக்ஸான். நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?” என்றார்.

எங்கள் ஊரில் ஒன்றைத் தருவதாகச் சொன்னால் மூன்று தரம் சொல்ல வேண்டும். முதல் இரண்டு தரமும் எதிராளி ‘ஐயையோ, வேண்டாம்’ என்பார். மூன்றாம் தரம் சொல்லாமல் விட்டுவிட்டால் கொடுத்த பெயரும் கிடைக்கும், பொருளும் வீட்டிலேயே இருக்கும். நூறு வருஷமாக நாங்கள் கிட்டத்தட்ட எதையுமே கொடுக்காமல் வள்ளல்களாக வாழ்ந்துவருவது இப்படித்தான். டெல்பர்ட் முதல் தரம் சொல்லிவிட்டு, இரண்டாம் தரத்துக்கு வாயைத் திறந்து வைத்திருந்தார்.

“சரி,” என்றார் ராக்ஸான். “வண்டி கீழதான் நிக்குது. ஏத்திடு.”

அப்படி ஒரு பதிலை அந்த மாடியில் அதுவரை யாரும் கேட்டதில்லை. டெல்பர்ட்டின் வாய் அப்படியே இருந்தது. பிறகு, “ஆங், ஏத்தறேன்,” என்றார். மேசையின் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். படியிறங்கும்போது, “அவ சரின்னுதான சொன்னா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“எடுத்த எடுப்புல?”

“ஆமா.”

இறுதியாட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம். ஏப்ரலில் பனி அள்ளும் வண்டிக்கு வேலை கிடையாது. ராக்ஸானுக்குப் பகல் முழுவதும் சும்மா. நடுவில் ஒருநாள் விடிகாலை ஒரு சாண் பனி பெய்தது. டெல்பர்ட் ஜன்னலருகே நின்று அது கூடுவதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் மனைவி சொன்னார். பதினோரு மணிக்கெல்லாம் உருகிவிட்டது.

டெல்பர்ட் பிட்சா அட்டையில் அளவெடுத்துத் திடல் வரைந்து, கத்தியால் பள்ளம் கீறி, பெயின்ட் கலக்கும் குச்சிகளைக் கம்பியாகச் செருகிப் பழகினார். அட்டை இரண்டு நாளில் கிழிந்தது. மூன்றாம் நாள், மேசைக்கு ஈரப்பதம் ஆகாது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ராக்ஸான் வீட்டுக்குப் போனார். ராக்ஸான் வாசலிலேயே வைத்துத் தேநீர் கொடுத்தார். மேசை கார் ஷெட்டில் இருந்தது. கதவு சாத்தியிருந்தது.

“உள்ள யாரோ ஆடற சத்தம் கேக்குது,” என்றார் டெல்பர்ட்.

“என் தங்கச்சி.”

“அவளுக்கு ஆடத் தெரியுமா?”

“முந்தாநாள்வரைக்கும் தெரியாது. நேத்துலேர்ந்து உன்ன மாதிரியே ஆடறா. எனக்கு அது போதும்.”

டெல்பர்ட் தேநீரை முடிக்காமல் திரும்பினார். வழியில் என்னிடம், “என்ன மாதிரியேன்னா எப்படி?” என்று மூன்று தரம் கேட்டார். அவர் எதிலும் அவசரப்படுவார், தோற்கிற நேரத்தில் இன்னும் அவசரப்படுவார் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. செயலாளர் நடுநிலையாக இருக்க வேண்டும்.

சங்கத்தில் சாதாரணமாக இறுதியாட்டம் பார்க்க மனைவிமார் நான்கு பேர் வருவார்கள். அந்த வருஷம் அறுபது பேர் வந்தார்கள். படியில் உட்கார்ந்தார்கள். கர்ட்டிஸ் சீருடையோடு வந்தான். எதிர்பார்த்தபடியே அரையிறுதிகள் முடிந்து, மேசையின் இரண்டு முனையிலும் டெல்பர்ட்டும் ராக்ஸானும் உட்கார்ந்தார்கள். நேரம் பார்க்கும் கடிகாரம் என் கையில்.

முதல் நிமிஷத்திலேயே டெல்பர்ட்டின் இடது கை பழக்கத்தில் விங் வீரனைக் கோலுக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தது. பள்ளம் முடிந்து கம்பி முட்டியது. அந்த ‘டங்’ சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. ராக்ஸான் வட்டை எடுத்துப்போய் நிதானமாக அடித்தார். ஒன்று பூஜ்யம். மறுபடி ‘டங்.’ இரண்டு பூஜ்யம்.

“இடது கையக் கட்டிப் போடுங்கப்பா யாராவது!” என்றது படியிலிருந்து ஒரு குரல்.

டெல்பர்ட் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அதன்பிறகு அவர் ஆடியது அவர் ஆட்டமே இல்லை. தந்திரம் எதுவும் இல்லாமல், பின்வீரர்களை வைத்துத் தூரத்திலிருந்தே அடித்தார். ஒன்று கோலுக்குள் போனது. மூலையில் செத்துக் கிடந்த வட்டை ஊதாமல், மேசையைத் தட்டாமல், பொறுமையாகக் கம்பி நுனியால் நெம்பி எடுத்தார். இன்னொன்று போனது. ராக்ஸான் ஒன்று. டெல்பர்ட் ஒன்று. ஐந்து நிமிஷம் முடிந்தபோது மூன்றுக்கு மூன்று. இனி முதல் கோல் போடுபவருக்குக் கோப்பை.

யாரும் சிப்ஸ் தின்னவில்லை. வட்டை நடுவில் போட்டேன். இரண்டு பேரும் தலைகுனிந்து ஆடினார்கள். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்தவனான எனக்கே தெரியாது. பிறகு ராக்ஸானின் நடுவீரன் திரும்பினான், ‘டிக்’ என்று ஒரு சத்தம், டெல்பர்ட்டின் கோல்காப்பாளன் இடப்பக்கம் சாய்ந்தான், வட்டு மறுபடியும் திடல் நடுவில் கிடந்தது. தடுத்துவிட்டான் என்று நினைத்துப் படியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ராக்ஸான் அடுத்த அடிக்குத் தயாரானார்.

மேசை ஹாக்கியில் நடுவர் கிடையாது. உள்ளே போய்ப் பின்தகட்டில் பட்டுத் திரும்பி வந்தாலும் எங்கள் சங்கத்தில் அது கோல்தான். ஆனால் அதை, கோல் வாங்கியவர்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் அந்தக் கோணத்திலிருந்து தெரியாது.

டெல்பர்ட் கம்பிகளை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“உள்ள போயிடுச்சு.”

“இதோ கிடக்குதே,” என்றார் ராக்ஸான்.

“போயிட்டு வந்துச்சு.”

“நான் பாக்கலியே.”

“நான்தான் பாத்தேன்ல? எழுது, காலேஜு.”

“நிச்சயமா?” என்று கேட்டேன். அப்படிக் கேட்கச் செயலாளருக்கு அதிகாரம் இல்லை.

“எழுதுடா.”

எழுதினேன். நான்குக்கு மூன்று. கைதட்டல் எழுந்து பாதியில் தயங்கியது; யாருக்குத் தட்டுவது என்று தெரியவில்லை. வெல்மா கோப்பையை ராக்ஸானிடம் கொடுத்தார். அதை எப்படிப் பிடிப்பது என்று ராக்ஸானுக்குத் தெரியவில்லை. கழுத்தைப் பிடித்தார், பிறகு அடியைப் பிடித்தார், கடைசியில் மளிகைப் பை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

இறுதியாட்டத்தில் தோற்றவர்தான் அன்றைய தேநீர்க் கோப்பைகளைக் கழுவ வேண்டும். டெல்பர்ட் எழுந்து சமையலறைக்குள் போனார். உள்ளே கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“சோப்பு எங்கப்பா இருக்கு?”

யாருக்கும் தெரியவில்லை. ஆறு வருஷமாக அங்கே ஒரே ஆள்தான் கழுவிக்கொண்டிருந்தார். ராக்ஸான் கோப்பையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

“சிங்க்குக்குக் கீழ. இடது பக்கம். இல்ல, அது தரை துடைக்கற துணி. நகரு.”

தண்ணீர் விழும் சத்தம். கூட்டம் இன்னும் முறைப்படி முடியவில்லை. எழுபத்து நான்கு தேநீர்க் கோப்பைகள் இருந்தன. வெல்மா நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்.